உசுரோட தான் கீறேன்

"நான் இங்கதான சாமி உக்காந்துனு கீறேன்"னு அம்மா சொன்னாங்க.

கவுண்டர்ல இருந்தவர் நிமிந்து கூட பாக்கல, ஃபார்ம்ல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்ல, ரெண்டு ஜெராக்ஸும் வேணும்னாரு.

ஃபேமிலி பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று. குடியாத்தத்துல இருந்து பஸ் புடிச்சி வேலூர் வந்து, முட்டி வலியோட ரெண்டு மாடி ஏறுனவங்க.

நேத்து ராத்திரியே போன்ல ஜீவன் பிரமான் போட்டாச்சு, அதான் இதே சான்ற ஆன்லைன்லயே குடுக்குற மத்திய அரசு திட்டம். அம்மா கேமராவ பாத்து கண்ண சிமிட்டுனாங்க, அவ்ளோதான், சான்று நம்பர் வந்துடுச்சு. 2014ல வந்த திட்டம், 2021ல இருந்து முகத்த வெச்சே பண்ணலாம். பீடி சுத்தி சுத்தி தேஞ்சிபோன அம்மா விரலுக்கு மெஷின்ல ரேகையே விழாது, அதனால இந்த முக அடையாளம் வந்தப்போ நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா. அந்த நம்பர காட்டுனா "அதெல்லாம் இருக்கட்டும், பேப்பர் குடுங்க"ன்றாங்க.

வெயில்ல அலஞ்சி கையெழுத்து வாங்கினு வந்தோம். அப்புறம் கட்டவிரல மைல அமுக்கி ஃபார்ம்ல வெச்சாங்க.

அதுலயும் ரேகை இல்ல. வெறும் ஊதா திட்டு.

அதுக்கு சீல் குத்தி ஃபைல்ல சொருகிட்டாங்க.

முகத்த பாத்து அவங்கதான்னு போன் சொன்னத நம்பல, எதிர்ல நிக்கிற மனுஷியையும் நம்பல, யாருதுன்னே தெரியாத அந்த மை திட்ட நம்புறாங்க. வயசானவங்கள அலைய விடக்கூடாதுன்னு தானே இதெல்லாம் கொண்டு வந்தாங்க? கூட்டினு போக ஆள் இல்லாதவங்க இன்னா பண்ணுவாங்க?

பஸ்ல அம்மா முந்தானைல விரல தொடச்சினே வந்தாங்க. பள்ளிகொண்டா தாண்டியும் மை போகல.

"அடுத்த வருஷமும் வரணுமா கண்ணு?"