காற்றடித்தால் பளிச்சென்று எரிந்த விளக்கு

எங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு, அதாவது கரன்ட் மூன்று கம்பிகளில் வரும்; கூடம் ஒரு ஃபேஸில், அடுப்படி இன்னொன்றில். போன ஐப்பசியில் காற்றடிக்கும்போதெல்லாம் கூடத்து விளக்கு பளிச்சென்று எரியும், அதே நேரம் அடுப்படி விளக்கு மங்கிவிடும். லோ வோல்டேஜ் என்று நானே முடிவு கட்டி, ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். லோ வோல்டேஜ் என்றால் கூடத்தில் மட்டும் எப்படிப் பளிச்சிடும்? அதை யோசிக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் மழையும் காற்றும். கூடத்து ஃபேன் என்றுமில்லாத வேகத்தில் சுற்றியது. டிவிக்குப் பின்னால் 'பட்' என்று சத்தம், கருகல் வாடை. அம்மா ஓடிப்போய் மெயினை இறக்கினார். டிவி, செட்டாப் பாக்ஸ், இரண்டு எல்.இ.டி. பல்பு எல்லாம் காலி.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, கூடத்தில் 40 வாட் குண்டு பல்பும் அடுப்படியில் 100 வாட் பல்பும் மாட்டி மீட்டர் வைத்தார். கூடத்தில் 295 வோல்ட், அடுப்படியில் 120. "ஃபேஸ்ல ஒண்ணும் இல்லண்ணே, நியூட்ரல் கட் ஆயிருக்கு" என்றார். எல்லா ஃபேஸுக்கும் பொதுவாகக் கரன்ட் திரும்பிப் போகிற கம்பிதான் நியூட்ரல். இரண்டையும் கூட்டினால் 415. இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருக்கும் வோல்டேஜ் அதுதான். நியூட்ரல் விட்டுப்போனால் இரு பக்கத்துச் சாமான்களும் அந்த 415-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். குறைவாகக் கரன்ட் இழுக்கிற பக்கத்துக்குப் பெரிய பங்கு. டிவி போன அன்று அடுப்படிப் பக்கம் வெந்நீர் ஹீட்டர் ஓடியது, கூடத்தில் டிவியும் ஃபேனும்தான். தானாக விழுகிற சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது கரன்ட் கூடினால்தான் விழுமாம், வோல்டேஜைப் பார்க்காதாம்.

எதிர்வீட்டு மாமா, "நியூட்ரலை எர்த் பைப்பில் கட்டிவிடு, சரியாகிவிடும்" என்றார். எலக்ட்ரீஷியன் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். மண் காய்ந்திருந்தால் அந்தப் பைப்பைத் தொடுகிறவருக்கே ஷாக் அடிக்கும்.

மின்வாரியத்துக்குப் போனில் புகார் சொன்னேன். லைன்மேன் வந்த நேரம் பார்த்து ஒரு இலைகூட அசையவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. பீஸ் கட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் ஒரு தாளில் மின் இணைப்பு எண், 295, 120, எந்த நேரம் என்று எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'கரன்ட் சரியில்லை' என்று சொன்னதற்கு அசையாதவர்கள் எண்களைப் பார்த்ததும் மறுநாளே ஏணியோடு வந்தார்கள்.

கம்பத்தில் எங்கள் சர்வீஸ் வயரின் நியூட்ரல் இணைப்பு கறுத்துப்போய், ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அது விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறது. வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கிக் கட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மெயினுக்குப் பக்கத்தில் இப்போது, வோல்டேஜ் எகிறினால் தானே கரன்டை நிறுத்திவிடும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மாட்டியிருக்கிறேன். டிவி போவதற்கு முன்னாலேயே இதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனாலும் காற்று கிளம்பினால் அம்மா முதலில் பார்ப்பது கூடத்து விளக்கைத்தான்.