பழைய அம்பாசடருக்கு இன்னொரு பழைய ஹெட்

ஜனவரி 4, 2025, சனி

பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம், பார்த்தேன். ஒன்றாவது சிலிண்டர் 125 பிஎஸ்ஐ, நான்காவது 120. நடுவில் இருக்கும் இரண்டும் 60-ஐத் தாண்டவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் தண்ணீரில் குமிழி வருகிறது. அடுத்தடுத்த சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் படுத்துவிட்டால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்டிலேயே விரிசல்.

வண்டி 1984 மார்க் 4. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ், 1489 சிசி. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். இங்கிலாந்தில் அதை மறந்து வெகுகாலம் ஆனபிறகும் மேற்கு வங்கத்தில், அம்பாசடர் ஆலை இருந்த உத்தரபாராவில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். வார்ப்பிரும்பு ஹெட், வால்வைத் திறக்கக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடு கம்பிகள், எட்டு வால்வு. வீட்டுப் போர்டிகோவில் வைத்துப் பார்க்கக்கூடிய வேலை.

ஜனவரி 5, ஞாயிறு

தண்ணீரை வடிக்க எஞ்சின் பிளாக்கின் பின்பக்கக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் முதலில் சேறு, அப்புறம் செங்கல் நிறத்தில் தண்ணீர். அதோடு உதிர்ந்து விழுந்த வெள்ளைச் சில்லுகளை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு. முன்பு வண்டியை வைத்திருந்தவர் காலமெல்லாம் போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் கோவையில் இந்தக் கொடுமை!

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். அதன் கூட்டைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வெயில் நாடு, அது எதற்கு என்று கழற்றி எறிவது நம் ஊரில் ஒரு சடங்கு. நகரத்துக்குள் ஓடும்போது எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது, எண்ணெய் கசடாகும். மேட்டில் ஏறும்போது சூடு பிடித்தால், அடைபட்ட ரேடியேட்டரை அது இல்லாததாலும் காப்பாற்ற முடியாது.

வால்வுகளை அமுக்கும் ராக்கர்கள் கோத்திருக்கும் தண்டு ராக்கர் ஷாஃப்ட். அதைத் தாங்கும் நான்கு பீடங்களையும், ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களில் (மரை போட்ட தண்டுகளில்) நான்கு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அதனால் ராக்கரை மட்டும் எடுக்க நினைத்தாலும் பதினொரு நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச்சுற்றித் தளர்த்த வேண்டும். அந்த நான்கை மட்டும் அவிழ்த்தால் ஹெட் வளைந்துவிடும். புஷ் ராடுகளை நேராக இழுத்தால் அடியில் அதைத் தாங்கும் டேப்பெட் எண்ணெய்ப் பிடிப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்; லேசாகத் திருகி விடுவித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். செருப்புப் பெட்டி அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகச் செருகி வைத்தேன்.

ஹெட் அசையவில்லை. இடுக்கில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்புவது பாவம். பிளக்குகளைத் திரும்ப மாட்டி, நட்டுகளைச் சில புரிகளில் மட்டும் விட்டுவைத்து, இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தேன். புஷ் ராடு இல்லாததால் எல்லா வால்வும் மூடியே கிடக்கும். உள்ளே அடைபட்ட காற்றே ஹெட்டை 'டொக்' என்று தூக்கிக் கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பக்கம் பிடிக்க, இறக்கி வைத்தோம்.

ஜனவரி 6, திங்கள்

மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துத் தூவினேன். காத்திருந்தால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டும். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் சீட்டிலிருந்து (புகை வெளியேறும் வால்வு வந்து அமரும் விளிம்பிலிருந்து) கிளம்பி, தலைமுடி கிடப்பதுபோல் ஒரு கோடு. இடம் வியப்பாக இல்லை. அந்த இரண்டு சிலிண்டர்களின் புகையும் ஒரே வழியாகத்தான் வெளியேறுகிறது. ஹெட்டில் அதிகம் கொதிக்கும் இடம் அதுதான். அதைச் சுற்றியிருக்கும் நீர்ப்பாதையில் சுண்ணாம்பு படிந்தால் சூடு எங்கே போகும்? ஃபேசிங் செய்து, அதாவது மேற்பரப்பைச் சீவி மட்டமாக்கி, சமாளிக்கும் நிலை இல்லை. வேறு ஹெட் வேண்டும்.

ஜனவரி 8, புதன்

உக்கடம் பழைய சாமான் கடைகள். முதல் கடையில் இசுசு 1.8 எஞ்சினின் ஹெட்டைக் காட்டி, "அம்பாசடர்தான் சார், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றார். அது ஓவர்ஹெட் கேம், வால்வைத் திறக்கும் கேம் ஹெட்டிலேயே இருக்கும் வேறு ஜாதி. கண்ணைத் திறந்துகொண்டே அடுத்த கடைக்குப் போனேன். அங்கே இரும்புக் குவியலுக்கு அடியில் சரியான ஹெட் ஒன்று கிடந்தது. கையோடு கொண்டுபோயிருந்த சாக்பீஸையும் மண்ணெண்ணெயையும் எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறிவிட்டது. கோடு எதுவும் வரவில்லை. பேரம் நீண்டது; விலையை எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

ஜனவரி 10, வெள்ளி

லேத் பட்டறையில் கொடுத்தேன். மேற்பரப்பை மட்டம் செய்வது, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு புதிதாக, எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் வளையம். கடைசிச் செலவு அவசியமா என்று பட்டறைக்காரர் கேட்டார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய காலத்தில் பெட்ரோலில் இருந்த ஈயம்தான் வெறும் இரும்புச் சீட்டுக்குக் கவசம். அது போனபின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும், டேப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சந்து, குறைந்துகொண்டே வரும். ஹெட் வெளியே இருக்கும்போது செய்யாவிட்டால் வேறு எப்போது செய்வது?

பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போகிறார்களாம். 20-ஆம் தேதிக்கு மேல்தான் கிடைக்கும்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

பிளாக்கின் நீர்ப்பாதைகளைக் கம்பியாலும் ஹோஸ் பைப்பாலும் கழுவினேன். ரேடியேட்டர் ஏற்கெனவே கடைக்குப் போய்விட்டது. புதுத் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுச் சோதிக்க அம்மா பால் பாத்திரத்தைத் தரவில்லை. பழைய டப்பா ஒன்றில் போட்டேன். 82 டிகிரியில் திறந்தது.

ஜனவரி 25, சனி

ஹெட் வந்துவிட்டது. வால்வு லேப்பிங்கை, அதாவது வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்துவதை, நானே செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம் வைத்த கோலை வால்வின் தலையில் ஒட்டி, பேஸ்ட் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும். பேஸ்ட் அரைபட அரைபடச் சத்தம் வழவழப்பாகிவிடும். அப்போது எடுத்துத் துடைத்தால் வால்வைச் சுற்றி அறுபடாத ஒரு சாம்பல் வளையம். நடுவில் எங்காவது பளபளப்பு விட்டிருந்தால் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். வால்வுகளைப் பூட்டியபின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். இதுவரை கசிவு இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கேஸ்கெட்டில் மேல்பக்கம், முன்பக்கம் எது என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்து வைத்து ஹெட்டை இறக்கினோம். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சுற்றுச் சுற்றாக டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன். "கை சொல்லும்" என்பவர்கள் சொல்லட்டும், எனக்கு முள் சொன்னால் போதும்.

டேப்பெட் இடைவெளி வைக்க ஒன்பது கணக்கு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் தகடு லேசாக இழுபட்டு வர வேண்டும். தம்பி எண் சொல்ல, நான் திருகினேன்.

மாலையில் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றி செல்ஃப் அடித்தேன். சிறிது இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரில் குமிழி இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொள்ளாச்சி வரை போய் வந்தேன். சூட்டு முள் ஒரே இடத்தில் நிற்கிறது. கம்ப்ரஷன் நான்கிலும் 130-ஐ ஒட்டி வருகிறது. எஞ்சின் ஆறியபின் நட்டுகளை மறுபடி முறுக்கியபோது நடுவில் இரண்டு கொஞ்சம் இடம் கொடுத்தன. அதன்பின் டேப்பெட்டையும் திரும்பப் பார்த்தாயிற்று. ராக்கர் மூடியின் கார்க் மட்டும் பின்மூலையில் எண்ணெய் கசிகிறது. விரிசல் விட்ட பழைய ஹெட்டை இரும்பு விலைக்குப் போடும்போது புதுக் கார்க்கும் வாங்க வேண்டும்.