0.9 எப்போது?

2024 மார்ச் 23, சனி
பைத்தான் நிரலில் பிழை காட்டும் என் கருவிக்கு ஆர்சி 1, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, போட்டாயிற்று. ஒரு வாரம் யாரும் கத்தாமல் இருந்தால் 0.9.

மார்ச் 26
கத்திவிட்டார்கள். பிழை இருக்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி, வரியில் தமிழ் இருந்தால் எங்கோ போய் நிற்கிறதாம். "கொடி" கண்ணுக்கு 2 எழுத்து, யூனிகோடில் 4 குறியெண், யூடிஎஃப்-8இல் 12 பைட். பைத்தானின் ஏஎஸ்டி (நிரலைப் பிரித்துக் காட்டும் மரம்) பைட் கணக்கில்தான் இடம் சொல்லும். போதாததற்கு டெர்மினலுக்கு டெர்மினல் (கட்டளைத் திரை) தமிழின் அகலம் வேறு.

கணக்கில் முகத்துக்குப் பதில் சதுரக் கட்டப் படம் வைத்திருக்கும் பங்களிப்பாளர், என் வழக்கில் சதுரப் படக்காரர், ராத்திரியே திருத்தம் அனுப்பிவிட்டார், சோதனைகளோடு.

மார்ச் 28
வெளியிடும் உரிமையைத் தனக்கும் கொடுத்தால் என் சுமை குறையும் என்று எழுதியிருக்கிறார். குறையும்தான். சனிக்கிழமை கொடுத்துவிடலாம்.

மார்ச் 30, சனி
கொடுக்கவில்லை.

காலையிலிருந்து எங்கே பார்த்தாலும் எக்ஸ்இசட், லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் நிரல். எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர், நேற்று எல்லாவற்றையும் பொது மடலில் போட்டு உடைத்திருக்கிறார். 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு. வைத்தது ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை பார்த்த இணைப் பராமரிப்பாளர். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை.

எக்ஸ்இசட் மடல் குழுவில் 2022இன் பழைய மடல்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநிலையும் நெடுநாளாகச் சரியில்லை என்கிறார் அதன் மூலப் பராமரிப்பாளர் லாஸ்ஸே காலின். முன்பின் தெரியாத பெயர்கள் வந்து வேறு ஆளிடம் ஒப்படை என்று நெருக்குகின்றன. பின்கதவைவிட இதுதான் வயிற்றைப் பிசைகிறது.

"சுமை குறையும்."

மார்ச் 31
சதுரப் படக்காரரின் கமிட்களை (நிரலில் செய்த மாற்றங்களை) முதலிலிருந்து படிக்கிறேன். எல்லாம் நல்ல கமிட்கள். ஜியா டானுடையவையும் பெரும்பாலும் நல்லவைதானே.

ஏப்ரல் 1
இன்றைக்கு எவனாவது விளையாட்டுக்கு இஷ்யூ (பிழைப் புகார்) போட்டால் படிக்காமலே மூடுவேன்.

ஏப்ரல் 4
எக்ஸ்இசட்டில் விஷத்தைக் கிளப்பிவிடும் வரி, நிரல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே இல்லை. வெளியீட்டு டார்பாலில் (வெளியிடும் கோப்புப் பொதியில்) மட்டும், நிரலைக் கட்டும்போது பயன்படும் ஒரு எம்4 கோப்புக்குள் இருந்திருக்கிறது. களஞ்சியத்தை ஊரே கூடி வரிவரியாகப் படித்திருந்தாலும் அந்த வரி கண்ணில் பட்டிருக்காது.

நம்முடையது? என் மடிக்கணினியில் கட்டி, நானே ஏற்றும் பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு என் வார்த்தை மட்டும்தான் சாட்சி. அவரைச் சந்தேகப்படுகிறேன், சரி. என்னை யார் பார்த்திருக்கிறார்கள்? என் கணக்கில் இருப்பது ஒரு பூனைப் படம்.

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 24.04 பீட்டாவையே ஒரு வாரம் தள்ளி 11ஆம் தேதிக்கு வைத்துவிட்டார்கள். 0.9 தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும்?

ஏப்ரல் 7
பைத்தான் பொட்டலங்களின் பொதுக்கிடங்கான பைபிஐயின் ட்ரஸ்டட் பப்ளிஷிங்குக்கு மாற்றினேன். டேக் (பதிப்பு அடையாளம்) போட்டால், களஞ்சியம் இருக்கும் கிட்ஹப்பின் தானியங்கி ஆக்‌ஷன்ஸ் கட்டும். 15 நிமிடமே செல்லுபடியாகும் டோக்கன் (ஏற்றுவதற்கான சாவி) வாங்கி அதுவே ஏற்றும். என்னிடமிருந்த பழைய டோக்கனை அழித்தாயிற்று. ஏற்றும் முன் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், வெளியீட்டைத் தொடங்கிவைத்தவரே அதைத் தர முடியாது என்றும் வைக்கலாம். அருமையான ஏற்பாடு. அதற்கு இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும்.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. "இவ்வளவு வேலை பாக்குறியே, எவ்வளவு குடுக்குறாங்க?" என்றார் பெரியப்பா. மாங்காய்ப் பச்சடியை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 16
சதுரப் படக்காரருக்கு எழுதினேன். ஒரு வீடியோ அழைப்பில் பேசலாமா?

ஏப்ரல் 18
பதில் இல்லை.

ஏப்ரல் 19
ஓட்டுப் போட்டேன். அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், விரலில் மை வைத்தார்கள். முடிந்தது. எவ்வளவு சுலபம்!

ஏப்ரல் 20
கேமராவில் வர விருப்பமில்லையாம். காரணம் சொல்லவில்லை. எரிச்சலாக வந்தது. அப்புறம் யோசித்தால், முகத்தைப் பார்த்து நான் எதைக் கண்டுபிடித்திருப்பேன்? ஏமாற்றுகிறவனுக்கு முகம் காட்டத் தெரியாதா?

இரவு முழுக்க கிட்ஹப் ஆவணத்தைக் கிளறியதில் ஒரு வழி கிடைத்தது. ஒப்புதல் தருபவருக்குக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை வேண்டியதில்லை, படிக்கும் உரிமை போதும். அவர் நிரலைத் தொட முடியாது. நான் ஒப்புதல் பொத்தானைத் தொட முடியாது. உரிமையாளன் நான், நினைத்தால் அமைப்பையே மாற்றலாம்; ஆனால் மாற்றி வெளியிட்டால், தான் அழுத்தாமலே போனது அவருக்குத் தெரிந்துவிடும். அந்த அளவு இப்போதைக்குப் போதும்.

சரி என்றார். ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை.

ஏப்ரல் 23
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். 0.9 இறங்கவில்லை. டேக் போட்டுவிட்டு அவர் ஒப்புதலுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 24
திருப்பி அனுப்பிவிட்டார்!

"கொ"வின் குறியை ஒற்றைக் கொம்பு, கால் எனத் தனித்தனியாகத் தட்டினால் கொடிக்கு 5 குறியெண். அதற்குச் சோதனை எங்கே என்கிறார். இயல்பாக்கம் செய்து பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று பார்த்தால், மூல வரியின் இடக்கணக்கு குலைந்துவிடும். ஓர் எழுத்தாகச் சேரும் குறியெண்களை ஒன்றாகக் கொண்டு, எழுத்துக் கொத்தாகத்தான் எண்ணியாக வேண்டும். மனுஷன் சரியாகப் பிடித்திருக்கிறார். நல்லவேளை, பைபிஐ வரை போகவில்லை. அங்கே ஒருமுறை ஏறிய கோப்புப் பெயரை, கோப்பை அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது.

ஏப்ரல் 26, இரவு
0.9.0 வெளியே போய்விட்டது. அவர் அழுத்தினார்.

ஏப்ரல் 27
முதல் இஷ்யூ. வரியில் "ஸ்ரீ" இருந்தால் அம்பு ஒரு கட்டம் தள்ளி நிற்கிறதாம். யூனிகோட் விதிப்படி அது இரண்டு கொத்து, கண்ணுக்கு ஒன்று. அப்படியானால் க்ஷவும் போச்சு. 0.9.1.