வாட்டம்

“வீட்டுக்கு நடுவில் எதற்கு இவ்வளவு பெரிய ஓட்டை?”

நவம்பர் மாத ஜூரியில், அதாவது மாணவர் வேலையை மதிப்பிடும் குழுவில், ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்துக் கேட்டது இது. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. ஓடு உடைந்தால் ஓட்டை, குடம் கீறினால் ஓட்டை. முற்றத்தைப் போய் யாராவது ஓட்டை என்பார்களா? எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்த நிமிடம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த தாள்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மணி நாலுதான். அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

கட்டடக் கலை முதுகலை படிக்க கிளாஸ்கோ வந்து அப்போது 14 மாதம் ஆகியிருந்தது. இறுதி ஆண்டுக்கு எனக்குக் கிடைத்த வேலை இது: நகரத்தின் வடக்கே ஃபோர்த் – கிளைடு கால்வாய்க் கரையில் சும்மா கிடக்கும் ஒரு மனையில், தனித்து வாழும் முதியவர்கள் 12 பேருக்கு வீடு. படித்தவுடனே பள்ளத்தூர் ஆச்சி வீட்டு வளவுதான், முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்தான், கண்ணில் வந்து நின்றது. வேறெதுவும் தோன்றவில்லை.

அது எங்கள் வீடு இல்லை. அப்பா கொத்தனார். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகளுக்கு மராமத்து பார்ப்பவர். நாங்கள் இருந்தது இரண்டு அறை ஓட்டு வீட்டில். ஆனால் பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் அப்பா வேலை செய்யும் வீடுகளில்தான் எனக்குக் கழிந்தது. ஆச்சி வீட்டு முகப்பில் ஏறி, பட்டாலையைத் தாண்டி வளவில் நின்றால், இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசல் வழியே அடுத்த தெருவில் போகிற சைக்கிள் தெரியும். வளவைச் சுற்றி 16 கதவு. 15 கதவில் பூட்டு. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி என்றால்தான் அத்தனையும் திறக்கும்.

மற்ற நாளெல்லாம் ஆச்சி ஒருவர்தான். முற்றத்து ஓரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, அங்கிருந்தபடியே அடுப்படியோடு பேசுவார், பால்காரரோடு பேசுவார், சாரத்தின் மேல் நிற்கிற அப்பாவோடு பேசுவார். யாரும் அவர் கண்ணில் படாமல் அந்த வீட்டைக் கடக்க முடியாது. ஆச்சி தனியாக இருந்தாரே தவிர, ஆளில்லாமல் இருந்ததில்லை. கால்வாய்க் கரையில் நான் கட்ட நினைத்தது அதைத்தான். 12 கதவு, நடுவில் ஒரு முற்றம்.

ஓட்டை என்றதோடு அவர் விட்டிருந்தால் கோபத்திலேயே வேலையை முடித்திருப்பேன். “டிசம்பரில் இதற்குள் எத்தனை மணி நேரம் வெயில் விழும்?” என்றும் கேட்டார். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிசம்பர் 21 உச்சிப் பொழுதில் காரைக்குடியில் சூரியன் அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்கும். 3 மீட்டர் சுவர் 2 மீட்டர் நிழல்தான் போடும். அதே நாள் உச்சியில் கிளாஸ்கோவில் சூரியன் 10 பாகைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதே சுவரின் நிழல் கிட்டத்தட்ட 16 மீட்டர். நான் வரைந்திருந்த முற்றத்தின் அகலம் 9 மீட்டர், சுற்றிலும் மாடி வீடுகள். குளிர்காலம் முழுக்க அதற்குள் ஒரு பொட்டு வெயில் விழாது.

நம் ஊர் முற்றம் வெயிலை அளந்து உள்ளே விடும். சூடு மேலே ஏறிப் போகும், தாழ்வாரம் நிழலைக் காப்பாற்றும். இங்கே காப்பாற்ற வேண்டியது வெயிலை. 12 முதியவர்களுக்கு வளவு கட்டுகிறேன் என்று நான் ஒரு கிணற்றை வெட்டி வைத்திருந்தேன். கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அது புரிந்தபோது ஓட்டை என்ற சொல்லைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த பத்து வாரத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. கணினி ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டது, இரண்டு வார வேலை அதோடு போயிற்று. அட்டையில் செய்த மாடலைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரிக்கு எடுத்துப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. போய்ப் பிரித்தால் 12 வீடும் ஊறிய அப்பளமாகப் படுத்துக் கிடந்தன. கெடுவைத் தள்ளிக் கேட்டேன், கொடுத்தார்கள். கல்விக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

ஊர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். பொய்யும் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டி என்னை ‘ஹென்’ என்று கூப்பிடுவார். முதல் நாள் திகைத்தேன், கோழி என்கிறாரே என்று. இந்த ஊரில் பெண்பிள்ளைகளைப் பிரியமாக அப்படித்தான் அழைப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. பெற்ற மகளை அப்பா ‘ஆத்தா’ என்கிறார், இவர் கோழி என்கிறார். இரண்டிலும் ஒரே வாஞ்சை. படியேறும்போது அந்தக் குரல் கேட்டால் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

நான் குடியிருக்கும் மணற்கல் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பீங்கான் ஓடு பதித்திருக்கிறார்கள். இப்படி ஓடு பதித்த படிக்கட்டை ‘வாலி க்ளோஸ்’ என்கிறார்கள். இராமாயணத்து வாலி இல்லை, ஸ்காட்லாந்துப் பேச்சில் அது பீங்கானைக் குறிக்கும். ஒருநாள் அதில் கை வைத்தபடி ஏறும்போது, ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற மத்தியானங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கலவையை ஊற்றி, அச்சை உருவி எடுத்து, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை வைத்து அழுத்தி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். தீயே காட்டுவதில்லை. கண்ணாடி தன் வழவழப்பைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் பிரிந்துவிடும். இங்கே சுட்டு எடுத்த மினுமினுப்பு, அங்கே ஊற வைத்து எடுத்த மினுமினுப்பு. படியில் நின்று இதை யாரிடம் சொல்வது?

இந்த ஊரிலும் பர்மா இருக்கிறது என்பதை நூலகத்தில்தான் கண்டேன். ஐராவதி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களின் கம்பெனி கிளாஸ்கோவிலிருந்து நடந்தது. கப்பல்கள் பல, பக்கத்தில் டம்பார்ட்டனில் கட்டப்பட்டவை. 1942இல் ஜப்பான் படை வந்தபோது, அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று கப்பல்களைக் கம்பெனிக்காரர்களே ஆற்றில் மூழ்கடித்தார்கள். ஆச்சியின் மாமனார் அந்தக் காலத்தில் பர்மாவில் லேவாதேவி செய்தவர். “கொண்டு விக்கப் போனவுக, கட்டுன துணியோட நடந்து வந்தாக” என்று ஆச்சி சொல்லும்போது, அவர் முதுகு சாய்ந்திருக்கும் தூண் பர்மாத் தேக்கு. அந்தக் கப்பல் படத்தை ஆச்சியிடம் காட்டியிருக்கலாம். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

ஜனவரியில் அப்பாவைக் கூப்பிட்டபோது பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது.

“எங்கப்பா வேலை?”

கொஞ்சம் தயங்கினார். “பள்ளத்தூர்லத்தா. ஆச்சி வீட்டக் கழட்டுறாக.”

பங்காளிகள் கூடி விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தூணையும் நிலையையும் கதவையும் சேதமில்லாமல் எடுக்க அப்பாவைத்தான் தேடி வந்திருக்கிறார். எந்த உத்தரம் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும். எல்லாம் பழைய வீட்டுச் சாமான் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகும். அங்கிருந்து எந்த ஓட்டல் வரவேற்பறைக்கோ. செட்டிநாட்டு ஊர்களின் பெயர் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் ஊர் இருக்கிறது, தெருவில் வீடு குறைந்துகொண்டே வருகிறது. முப்பது வருடம் சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் கலந்து அப்பா இழைத்த சுவரை அப்பாவே பெயர்க்க வேண்டும். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. நான்தான் அழுதேன். முற்றம், வெயில், நிழல், நனைந்த மாடல் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, “வெயிலு இல்லேனா விடுத்தா. மழ இருக்குல்ல?” என்றார். பிறகு, “மழ பேஞ்சா தண்ணி எங்கிட்டுப் போகுது? வாட்டம் பாத்தியா?”

நான் பார்த்திருக்கவில்லை. வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் முற்றம் வரைந்துவிட்டு, தண்ணீர் ஓடத் தரைக்கு வேண்டிய சரிவை, வாட்டத்தைப் பார்க்கவில்லை.

அப்பா வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம் ஒன்று உண்டு. முற்றத்துத் தளத்தைத் திரும்பப் பாவி முடித்ததும் ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆச்சியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். கன்னி மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொம்பைத் தரையோடு சாய்த்து மெள்ள ஊற்றுவார். தண்ணீர் முதலில் நாக்கு நீட்டுகிற மாதிரி நீளும். கல் இடுக்கில் ஒரு நொடி நிற்கும். பிறகு தொழுவத்துக்குத் திரும்புகிற மாடு போல நேரே தண்ணீர் வெளியேறும் தூம்புக்குப் போய்விடும். உள்ளங்கை அளவு எங்காவது தேங்கினால் கரிக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, கல்லை மறுபடி எடுப்பார். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் என்பது அவர் கணக்கு. கணக்குப் போட்டாலும் தண்ணீர் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

அந்த முற்றத்தில் வெயிலைவிட மழைதான் விசேஷம். கூரையைக் கழுவ முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாம் மழைக்கு ஆச்சி அண்டா வைக்கச் சொல்வார், வாயில் வெள்ளைத் துணி கட்டி. அண்டா நிறைய நிறையச் சத்தம் மாறும். திரும்பிப் பார்க்காமலே “அது ரொம்பிருச்சு, அடுத்தத வை” என்பார்.

அதிலிருந்துதான் வீட்டை மறுபடி வரைந்தேன். தெற்கு வரிசையை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் கால்வாய், எதிர்க்கரையில் கட்டடம் இல்லை. இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு தாழ்வாரம் மட்டும் விட்டு, முற்றத்தைத் தெற்கு வடக்காக 20 மீட்டருக்கு நீட்டினேன். டிசம்பர் உச்சியில் வடகோடியில் ஆறேழு மீட்டருக்கு வெயில் விழும். மற்ற நாளுக்கு மழை. மூன்று பக்கக் கூரைத் தண்ணீரும் கதவு கதவாகக் கடந்து போகும் ஒரு கல் வாய்க்காலில் இறங்கி, கால்வாய்க்குப் போகும். வடக்கு கிளாஸ்கோவில் பெருமழை வருமுன் அந்தக் கால்வாயின் மட்டத்தைத் தாழ்த்தி மழைத் தண்ணீருக்கு இடம் பண்ணி வைக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் ஊருணியையே பார்த்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில், சாய்ந்துகொள்ள ஒரு தூணோடு திண்ணை வைத்தேன். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பாக்கி 11 கதவும் தெரிய வேண்டும் என்று கோடு கோடாக இழுத்துப் பார்த்தேன். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று.

மே மாத ஜூரிக்கு முற்றத்தின் ஒரு மூலையை உண்மை அளவிலேயே பட்டறையில் வார்த்தேன். முதல் வார்ப்பு வெடித்தது, இரண்டாவது நின்றது. கேள்வி வருவதற்கு முன்பே, அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஓட்டை என்று சொன்னவரும் வந்திருந்தார். தண்ணீர் நீண்டது, இடுக்கில் நின்றது, திரும்பியது, தூம்பில் விழுந்தது. அவர் மண்டியிட்டுக் காதை அருகில் கொண்டுவந்தார். இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.

தேறிவிட்டேன். வெளியே வந்து முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டேன். ஆச்சி வீட்டில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்றும், தூம்புக் கல்லை மட்டும் கேட்டு வாங்கி நம் வீட்டுப் பின்னால் போட்டிருப்பதாகவும் சொன்னார். நான் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன்.

“எதுலத்தா ஊத்துன?”

“சொம்புலப்பா.”

“சொம்புத் தண்ணிக்கு எல்லாத் தரையும் வாட்டமாத்தான் இருக்கும். நான் அதுக்கப்புறம் அண்டாவக் கவுத்துப் பாப்பேன், நீ அதுக்குள்ள வெளையாடப் போயிருவ.”

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். தளம் இன்னும் அங்கேதான் இருந்தது. சுத்தம் செய்பவரிடம் ஒரு வாளி கேட்டேன். பெரியதா, சின்னதா என்றார். இருப்பதிலேயே பெரியது என்றேன்.