எதுவும் கண்டறியப்படவில்லை

2019 அக்டோபரில் நான் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டேன். இறந்தவனுக்கு வயது 26. அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில், நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு சின்ன கவுண்டி. மாடி அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் சரிந்து கிடந்தவனை அவனுடைய அம்மாதான் முதலில் பார்த்திருக்கிறார். பக்கத்தில் ஓர் ஊசி. சிறிய பிளாஸ்டிக் உறையில் வெளிர்மஞ்சள் தூள். நுரையீரல்கள் நீர்கோத்துக் கனத்திருந்தன, வாயிலும் மூக்கிலும் நுரை, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். இந்த வேலையில் ஓராண்டு பழகியவர்கூட அதைப் படித்தால் ஓபியாய்டு, அதாவது மார்பின் வகைப் பொருள், என்றுதான் நினைப்பார். மூச்சு சிறிதுசிறிதாகக் குறைந்து நின்றுபோனவர்களின் உடல் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நாங்கள் அனுப்பிய அறிக்கையில் இரண்டே சொற்கள்: எதுவும் கண்டறியப்படவில்லை. அதன் கீழே என் பெயர்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கவுண்டியின் மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பையனுடைய அம்மா வாரம் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறார், டாக்டர். இரத்தத்தில் ஒன்றுமே இல்லையென்றால் என் பிள்ளை எதனால் செத்தான் என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார். நாங்கள் தேடிய பொருள்களில் எதுவும் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாமே" என்றார்.

பென்சில்வேனியாவில் ஒரு நச்சியல் ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு வந்தவள். பல மாநிலங்களிலிருந்து கூரியரில் இரத்தம் வரும். அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. ஊருக்குப் போனால் "விஷத்தைக் கண்டுபிடிக்கிற வேலையா?" என்று சித்தி கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அது முழு உண்மையில்லை என்பது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் எனக்கே சரியாக உறைத்தது. எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த விஷத்தைத்தான் நாங்கள் அதுவரை கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

வழக்கமான சோதனையின் முதல் படி எலைசா. ஒவ்வொரு போதைப்பொருள் வகைக்கும் ஓர் ஆண்டிபாடி, அதாவது அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம், உண்டு. ஃபென்டனில் என்ற வீரியமிக்க செயற்கை ஓபியாய்டுக்கு உருவாக்கிய ஆண்டிபாடி ஃபென்டனிலின் வடிவத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும்தான் பிடிக்கும். வேறு அமைப்புள்ள ஓர் ஓபியாய்டு வந்தால், அது ஃபென்டனிலைவிட வீரியமானதாக இருந்தாலும், ஆண்டிபாடி கண்டுகொள்ளாது. இரண்டாம் படியில், திரவ குரோமட்டோகிராபியுடன் இணைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறையை அளக்கும். எங்களுடையது நான்கு தசம இடம் வரை துல்லியமாக அளக்கக்கூடியது. ஆனால் அளந்த நிறையை, அறிந்த பொருள்களின் நிறைகளைத் தொகுத்த நூலகத்தோடு ஒப்பிட்டால்தான் பெயர் கிடைக்கும். அப்போது எங்கள் நூலகத்தில் இருந்தவை எண்ணூற்றுச் சொச்சம் பொருள்கள். அந்த இளைஞனைக் கொன்றது அவற்றில் இல்லை.

அந்த ஆண்டின் இறுதியில், வில்லோ குரோவ் ஊரில் உள்ள தடய அறிவியல் ஆய்வு, கல்வி மையம் ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. மிட்வெஸ்ட் மாநிலங்களில் ஐசோடோனிட்டசீன் என்ற புதிய ஓபியாய்டு தலைகாட்டியிருக்கிறது என்று அதில் இருந்தது. படித்தவுடன் எனக்கு அந்தக் கவுண்டிதான் நினைவுக்கு வந்தது.

நல்லவேளை, எங்கள் கருவி நூலகத்தில் இருப்பதை மட்டும் பதிவு செய்வதில்லை. மாதிரியிலிருந்து வெளிவரும் எல்லாவற்றின் நிறையையும், அவை உடையும்போது கிடைக்கும் துண்டுகளின் நிறையையும் சேர்த்துக் கோப்பில் வைத்துவிடும். பெயர் தெரியாவிட்டாலும் தடம் அங்கேயே இருக்கும். அன்று மாலை எல்லோரும் போன பிறகு அக்டோபர் கோப்பைத் திறந்தேன். ஐசோடோனிட்டசீனின் புரோட்டான் ஏறிய நிறை 411.2391. அந்த எண்ணைத் தட்டியதும் திரையில் தட்டையாக ஓடிய கோட்டின் நடுவில் ஒரு சிறிய முகடு எழுந்தது. உயரம் அதிகமில்லை, ஆனால் கூர்மையானது, இருபுறமும் சமச்சீரானது. துண்டுகளைப் பார்த்தேன். 100.1121 இருந்தது. 72.0808 இருந்தது. நைட்டசீன்கள் எனப்படும் அதன் குடும்பத்து மூலக்கூறுகளின் பக்கவாட்டில் தொங்கும் டைஎத்தில்அமினோஎத்தில் பகுதி உடைந்தால் வருகிற துண்டுகள் அவை. நான் கையெழுத்திட்ட நாளிலும் இந்த முகடு இதே இடத்தில் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அது சொல்லவில்லை.

அது மட்டும் போதாது. நிறையும் துண்டுகளும் பொருந்துவது சந்தேகத்துக்குத்தான் ஆதாரம். நீதிமன்றத்தில் நிற்க, அதே பொருளின் தூய மாதிரியை வாங்கி, அதே கருவியில் ஓட்டி, அதே நிமிடத்தில் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். தடைச் சட்டங்கள், இறக்குமதி அனுமதிகள், உற்பத்தித் தாமதம் எல்லாம் தாண்டி அது வந்து சேர்வதற்குள் வாரங்கள் போய்விடும். வந்ததும், உறைநிலைப் பெட்டியில் எஞ்சியிருந்த இரத்தத்தை எடுத்தேன். சாம்பல் நிற மூடி போட்ட குழாய். நுண்ணுயிர்களும் நொதிகளும் வேலை செய்யாதிருக்க உள்ளே சோடியம் ஃபுளோரைடு இருக்கும். இறந்தவரின் இரத்தம் மருத்துவமனை இரத்தம் போல ஓடாது. சில நாள் தார் போலக் கெட்டிப்பட்டு பிப்பெட்டின் நுனியை அடைத்துவிடும். அன்று அரை மில்லிலிட்டர் எடுக்க நான்கு முறை முயன்றேன். காரத்தன்மையுள்ள பஃபர் சேர்த்து, கரைப்பானில் குலுக்கி, சுழற்றி, மேலடுக்கை மட்டும் உறிஞ்சி, நைட்ரஜனை ஊதி உலர்த்தினால் குழாயின் அடியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தத் தெரியாத ஒன்றில்தான் விடை இருந்தது: ஒரு மில்லிலிட்டருக்கு 2.1 நானோகிராம். உடலில் ஓடும் ஐந்து லிட்டர் இரத்தத்துக்கும் கணக்கிட்டால் சுமார் பத்து மைக்ரோகிராம். மேசை உப்பின் ஒரே ஒரு துகள் அதைவிடக் கனமானது.

திருத்திய அறிக்கை அனுப்பினோம். அந்த அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டியதாக விசாரணை அலுவலர் சொன்னார். அந்த அம்மா அந்தப் பொருளின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாராம், தாளில் எழுதிக்கொள்ள.

நைட்டசீன்கள் புதியவை என்று செய்திகளில் எழுதுகிறார்கள். உண்மையில் ஃபென்டனிலைவிடச் சற்று மூத்தவை. 1950-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்து வேதியியலாளர்கள் மார்பினுக்கு மாற்றாக வலிநிவாரணி தேடியபோது உருவாக்கியவை. மூச்சை அடக்கும் ஆபத்து அதிகம் என்பதால் மருந்தாக வரவே இல்லை. ஆய்விதழ்களில் செய்முறை மட்டும் தங்கிவிட்டது. 2019 மே மாதத்தில் சீனா ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும், யாரோ அந்தப் பழைய இதழ்களைப் புரட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2008-இல் ஜெர்மனியில் 'ஸ்பைஸ்' மூலிகைப் பொட்டலங்களில் கண்டுபிடித்த, செயற்கைக் கஞ்சா வகைப் பொருளான ஜே.டபிள்யூ.எச்.-018-உம் இதே வழியில் வந்ததுதான். அந்த எழுத்துகள், மூளையில் கஞ்சாப் பொருள் ஒட்டும் ஏற்பிகளை ஆராய அதைச் செய்த கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹஃப்மனின் முதலெழுத்துகள். வலியைக் குறைக்கவும் மூளையைப் புரிந்துகொள்ளவும் உழைத்தவர்களின் குறிப்பேடுகளிலிருந்து இந்தச் சாவுகள் வருவதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அமெரிக்காவில் ஐசோடோனிட்டசீனுக்கு 2020 ஆகஸ்டில் தடை வந்தது. அதற்குப் பிறகு தொடர்ந்து அதன் உறவுகள் வரத் தொடங்கின. அவற்றில் புரோட்டோனிட்டசீன் எனக்குத் தனிப்பட்ட தொல்லை. பள்ளிப் புத்தகத்தில் மாற்றியம் என்று படித்தோமே, அதுதான்: ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேறு. ஐசோவில் மூன்று கார்பன்கள் கிளைத்திருக்கும். புரோட்டோவில் நேராக நிற்கும். நிறை ஒன்றே, 411.2391. முக்கியத் துண்டுகளும் அதே 100, அதே 72. நான்கு தசமம் என்ன, பத்து தசமம் வரை அளந்தாலும் நிறையை வைத்துப் பிரிக்க முடியாது. குரோமட்டோகிராபியில் ஒன்று மற்றதைவிடச் சில நொடிகள் முன்பின்னாக வெளிவரும், அதுதான் ஒரே வழி. அந்தச் சில நொடிகளை விரிப்பதற்காக ஒரு மாதிரிக்கான ஓட்ட நேரத்தைக் கூட்டினோம். ஒரு நாளில் முடிக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை குறைந்தது. மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தச் சோதனை செய்வது என்று முடிவெடுப்பது பல இடங்களில் அறிவியல் அல்ல, கவுண்டியின் வரவுசெலவுத் திட்டம். பென்சில்வேனியாவில் மட்டும் 67 கவுண்டிகள். ஒரு கவுண்டி விரிவான சோதனை கேட்கும், பக்கத்துக் கவுண்டி எலைசாவோடு நிறுத்திக்கொள்ளும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இறந்தவருக்கு நைட்டசீன் என்று பதிவாகும். அந்தப் பக்கம் இறந்தவருக்கு இறப்புக் காரணம் தெரியவில்லை என்று பதிவாகும். பிறகு இரண்டையும் கூட்டி ஒரு மாநில வரைபடம் போட்டு, எங்கே பிரச்சினை இருக்கிறது என்று காட்டுவார்கள். பார்க்காத இடத்தில் வெள்ளையாக இருப்பதை ஆரோக்கியம் என்று படிப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஃபிலடெல்பியாவில் 2024 வசந்தத்தில் நடந்தது வேறொரு பாடம். அங்கே தெருவில் விற்கும் ஃபென்டனிலில் சில ஆண்டுகளாகவே சைலசீன் என்ற கால்நடை மயக்கமருந்து கலந்திருந்தது. அந்த ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வந்த நோயாளிகள் வித்தியாசமாக இருந்தார்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் கொடுத்தால் மூச்சு திரும்பியது. கண் மட்டும் திறக்கவில்லை, இதயத்துடிப்பு மிகவும் மெதுவாகவே இருந்தது. காரணம் மெடெடோமிடின், அதே குடும்பத்தில் இன்னும் வீரியமான கால்நடை மருந்து. ஆண்டு முடிவதற்குள் அது சைலசீனை முந்திவிட்டது. பழகியவர்கள் அதை நிறுத்தினால் இரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறின, நடுக்கமும் ஓயாத வாந்தியும் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அடுத்த ஜனவரி வரை இப்படி மருத்துவமனைகளில் சேர்ந்ததாகப் பதிவானவர்கள் 165 பேர். பத்தில் ஒன்பது பேருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டது.

இதில் எங்கள் தலைவலி எங்கே என்றால், அந்தப் பிரிவில் கொடுக்கிற மருந்துகளில் முக்கியமானது டெக்ஸ்மெடெடோமிடின். மெடெடோமிடின் என்பது வலது கை, இடது கை போன்ற இரண்டு பிம்ப மூலக்கூறுகளின் கலவை. அதில் ஒன்றுதான் டெக்ஸ். எங்கள் வழக்கமான குரோமட்டோகிராபி இரண்டையும் பிரிக்காது. 201.1386 என்ற ஒரே நிறை, ஒரே முகடு. மூன்று நாள் சிகிச்சை பெற்று இறந்தவரின் இரத்தத்தில் அதைப் பார்த்தால், தெருவிலிருந்து வந்ததா, மருத்துவமனைச் சொட்டு மருந்திலிருந்து வந்ததா? அந்த இரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சேர்க்கப்பட்டவுடன், எந்த மருந்தும் ஏற்றுவதற்கு முன் எடுத்த முதல் இரத்தம் வேண்டும். அதை மருத்துவமனைகள் சில நாளில் அப்புறப்படுத்திவிடுகின்றன. அதனால் இப்போது மரண விசாரணை அலுவலர்களிடம் பேசும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது அந்த முதல் குழாயைத்தான். "இன்றே ஆய்வகத்துக்குப் போன் செய்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள், நாளை இருக்காது" என்கிறேன்.

எங்கள் அறிக்கையின் வாசகத்தை மாற்ற எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. இப்போது 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும் இடத்தில் எந்தெந்தப் பொருள்களைத் தேடினோம், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் எங்கள் கண்ணில் படாது என்பதையும் இணைக்கிறோம். அறிக்கை மூன்று பக்கம் நீண்டுவிட்டது. யாரும் படிக்க மாட்டார்கள் என்று ஒரு சக ஊழியர் வாதாடினார். அந்த மிட்வெஸ்ட் கவுண்டி அலுவலர் படித்தார். எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மதியம் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. அந்த மாதம் உலகில் எங்காவது புதிதாக அடையாளம் கண்ட பொருள்களின் நிறைகளைப் பட்டியலிட்டு, விடை கிடைக்காத பழைய கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடுவேன். 2024 கோடையில் அப்படித்தான் 481.4000 என்ற எண்ணைத் தேடினேன். அது பி.டி.எம்.பி.எஸ். என்ற பொருளின் நிறை; பிளாஸ்டிக் வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் தொழிற்சாலைப் பொருள். ஃபென்டனிலில் அதைக் கலக்க ஒருவருக்கு ஏன் தோன்றியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் கோப்புகளில் இரண்டில் இருந்தது.

விடை கிடைக்காதவை இன்னும் பதினொன்று இருக்கின்றன. உறைநிலைப் பெட்டியின் மேல்தட்டில், இடது ஓரத்தில், அவற்றின் குழாய்களைத் தனியாக வைத்திருக்கிறேன். பாதுகாப்புக் காலம் முடியப்போகிற மூன்றுக்கு நீட்டிப்புக் கேட்டு நேற்று கடிதம் கொடுத்திருக்கிறேன்.