கூட்டுக்காரி வந்தால்தான்

"அடுத்த வருஷம் நான் ஜிம் கிளாஸ் எடுக்கல" என்று மகள் சொன்னபோது சுருக்கென்றது. கனடாவில் நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க உடற்கல்வியில் ஒரு கிரெடிட் போதும். ஒன்பதாம் வகுப்பில் அதை முடித்துவிட்டால் அப்புறம் விருப்பப் பாடம்தான். ஏன் மக்கா என்று கேட்டேன். "யாருமே எடுக்கலம்மா." யாருமே என்றால், மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற தோழிகள்.

டொராண்டோ எனக்குப் பழகிவிட்டது. டிசம்பரில் நாலே முக்காலுக்கே இருட்டினாலும் மனசு கலங்குவதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் வாசல் பக்கம் காது போகிறது. குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு வேலிக்கு வெளியே "ஏ பிள்ளே, வாறியா?" என்று குரல் வந்துவிடும். பாதி குடித்த கட்டஞ்சாயாவை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். கும்பப்பூ நெல் அறுத்துக் காய்ந்த வயலில் காலால் கோடு இழுத்துக் கிளித்தட்டு ஆடுவோம். நடுக்கோட்டில் ஓடுகிற கிளிக்கு மூச்சு வாங்கும், அறுத்த நெல்தாள் குத்திப் பாதம் எரியும். அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை.

அது நின்றுபோனதும் கூட்டுக்காரிகளால்தான், கூட விளையாடின தோழிகளால்தான். மூத்தவள் பத்தாம் வகுப்பு டியூஷனுக்குப் போனாள், அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். எங்களை யாரும் தடுக்கவில்லை, ஆள் சேரவில்லை, அவ்வளவுதான்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்கில், 11 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை. பையன்களில் 78. இதையெல்லாம் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு போனைப் பார்த்தாள்.

இங்கே விளையாடப் பெயர் பதிய வேண்டும், பணம் கட்ட வேண்டும், காரில் கொண்டுவிட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட ஒரு பிள்ளை இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அப்புறம் ஒருத்தி வந்தாள். பக்கத்துத் தெரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், மகளின் பள்ளிதான். கதவைத் தட்டி, "நாளைக்கு பேட்மின்டன் டீமுக்கு ஆள் எடுக்கிற ட்ரையவுட், நீயும் வாறியா? தனியா போகப் பயமா இருக்கு" என்றாள். அன்றிரவே வீட்டில் ஷூ தேடல். தரையில் கறை பிடிக்காத அடிப்பாகம் வேண்டுமாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை மூடுவதற்குள் ஓடிப்போய் வாங்கினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இப்போது பயிற்சி நாட்களில் அலாரத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறாள். "நான் போகலன்னா அவ பஸ் ஸ்டாப்ல தனியா நிப்பாம்மா." ஒரே மாதிரிப் பிள்ளைகள் தேடிச் சேர்வதும் உண்டு, சேர்ந்தபின் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுவதும் உண்டு. இங்கே இரண்டாவதை நானே கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு மேசைத் தோழிகளிலும் ஒருத்தி மட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாளாம். கேலி செய்திருந்தால் இவள் மறுநாளே விட்டிருப்பாள்.

ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "பிள்ள வெயில்ல கறுத்துப் போவாளே" என்று கவலைப்பட்டாள். வெயில் எங்கே இருக்கிறது இங்கே! எங்கள் வயல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஏத்தன் வாழை நிற்கிறதாம். பக்கத்து வீட்டுப் பையன்கள் நாகர்கோவிலில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி டர்ஃபில், செயற்கைப் புல் மைதானத்தில், பந்து விளையாடுகிறார்களாம், அதுவும் ஆள் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பார்களாம்.