‘மேலது’ படுத்திய பாடு

ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கொடுத்த மூன்றாம் நாள் நெறியாளர் கூப்பிட்டார். ‘மேலது, ப. 212’ என்ற அடிக்குறிப்பைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ‘மேலது’ என்றால் முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல். “மேலே இருக்கிற புத்தகம் மொத்தமே 96 பக்கம். 212க்கு எங்கே போனீங்க?”

நடந்தது இதுதான். கடைசி நேரத்தில் நடுவே ஒரு பத்தியைச் செருகினேன், அதற்கொரு அடிக்குறிப்பு. அதன் கீழே வரிசையாக நின்ற மூன்று ‘மேலது’வும் ஒரே இரவில் வேறு ஆசிரியர் வீட்டுக்குக் குடிபோய்விட்டன. அன்றோடு ‘மேலது’வுக்குத் தடை. ஒவ்வொரு இடத்திலும் ஆசிரியர், நூல், பக்கம் மூன்றையும் எழுதிவிடுவேன். சுருக்குவதெல்லாம் அச்சுக்குப் போகும் நாளில்தான்.

அடுத்த வட்டம்தான் கூச்சமாக இருந்தது. உ.வே.சா.வின் 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பின் முன்னுரை என்று பக்க எண்ணோடு போட்டிருந்தேன். “இதைப் பார்த்தீங்களா?” பார்க்கவில்லை. வேறொரு ஆய்வு நூலின் அடிக்குறிப்பை அப்படியே தூக்கி வைத்திருந்தேன். “அப்போ அந்த நூல்ல இருந்து எடுத்ததா எழுதுங்க. இல்லேன்னா போய்ப் பாருங்க.” தேடிப்பிடித்துப் பார்த்தால், நான் கொடுத்த பக்கத்தில் அந்த வரி இல்லை. நான்கு பக்கம் தள்ளி இருந்தது. அந்த ஆய்வு நூலாசிரியர் பார்த்தது மறுபதிப்போ என்னவோ. பிழை என் பெயரில் அல்லவா ஏறியிருக்கும்!

பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘புறநா. 192:1’ (192ஆம் பாட்டு, முதல் அடி) என்றால் யார் பதிப்பைத் திறந்தாலும் ‘யாதும் ஊரே’ வந்து நிற்கும். உரையைத் தொட்டால்தான் யார் உரை, எந்தப் பதிப்பு என்று சொல்லியாக வேண்டும்.

அப்புறம், நூற்பட்டியலுக்கு ஜோட்டிரோ மென்பொருளைப் பிடித்தேன். அது பெயரை இரண்டாக வெட்டச் சொல்கிறது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? நல்லவேளை, முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் போடும் வழியும் அதில் இருக்கிறது.

எல்லாரும் பயப்படுவது ஒப்புமைச் சோதனைக்கு, அதாவது ஆய்வேடு பிற நூல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பதற்கு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 விழுக்காடு ஒப்புமை வரை தண்டனை இல்லை; முறையாகச் சான்று காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் நெறியாளர் வட்டமிட்ட இரண்டையும் எந்த மென்பொருளும் பிடித்திருக்காது.

திருத்திக் கொடுத்தேன். இந்த முறை ஒரே ஒரு வட்டம்: ‘ப. 45-47’. பல பக்கம் என்பதால் ‘பக்.’ என்று இருக்க வேண்டுமாம்.